கம்பத்தில் கட்டிய பெட்டி

பிள்ளை பிடிக்கிறவன் என்று சொன்னால் குழந்தைகள் ஓடி ஒளியும். பலூன் பிடிக்கிறவன் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கும். அவருடைய தொழில் இரண்டாவது. ஆனால் போன இடத்தில் எல்லாம் அவருக்குக் கிடைத்த மரியாதை என்னவோ முதல் தொழிலுக்கு உரியதுதான்.

ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார். காதோரம் நரை. லாரி, பஸ், தண்ணீர் வண்டி என்று கண்டதையும் ஓட்டிவிட்டுக் கடைசியில் ஒரு பலூன் கம்பெனியில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தார். கம்பி இழுக்க முடியாத, கோபுரம் நட முடியாத மலைநாட்டு ஊர்களுக்கு வானத்திலிருந்து இன்டர்நெட் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. வீட்டை விடப் பெரிய பலூன், பார்வைக்குப் பூசணிக்காய் மாதிரி. அதன் அடியில் ஒரு பெட்டி தொங்கும். பெட்டியின் இரண்டு பக்கமும் வெயிலில் கரண்ட் எடுக்கிற பலகைகள். விமானம் போகிற உயரத்துக்கும் மேலே அது நிற்கும். நிற்கும் என்றா சொன்னோம்? நிற்காது. கட்டிப் போட அங்கே என்ன இருக்கிறது? காற்று போகிற பக்கம் அதுவும் போகும். மேலே ஏற்றினால் ஒரு காற்று, கீழே இறக்கினால் வேறு காற்று. ஆபீசில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். ஒன்று நகர்ந்தால் பின்னாலேயே இன்னொன்று வந்து சேர வேண்டும். கீழே இருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. கையில் போன் வேலை செய்தால் சரி.

பலூனுக்கும் ஆயுசு உண்டு. அது முடிந்தால் குடை விரித்து இறக்கிவிடுவார்கள். யார் தோட்டத்தில், யார் கூரையில் விழுகிறது என்பது ஆண்டவன் கையில். விழுந்ததைப் போய் எடுத்து வருவது இவர் கையில்.

ஓர் ஊரில் வேவு பார்க்க வந்தவன் என்று நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னோர் ஊரில் பலூன் தோலை அறுத்து விறகுக்கு மேலே போர்த்திவிட்டு, "எந்த பலூன்? நாங்க பார்க்கவே இல்லையே" என்று அந்த விறகின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். இவர் சண்டைக்குப் போக மாட்டார். வண்டியை எடுக்கும் முன் உதட்டுக்குள் ஒரு பிரார்த்தனை. திரும்பி வந்ததும் ஒரு நன்றி. நடுவில் வாங்கின வசவு எல்லாம் அந்த இரண்டுக்கும் இடையில் அடங்கிவிடும்.

ஒரு வசவு மட்டும் அடங்கவில்லை. அது அவருடைய அக்கா கொடுத்தது.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிற கடைசி ஊரில். அதற்கு மேல் பாறையும் பனியும்தான். அம்மா செத்தபோது இவர் ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். அந்த ஊரில் அப்போது போன் கிடையாது. அம்மாவைத் தனியாகப் போட்டுவிட்டு மலையேறவும் முடியாது. மேலே போகிற பால் வண்டியைக் கை காட்டி நிறுத்தி, அந்த டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் சொல்லவே இல்லை. மறந்தானோ, வண்டி வழியில் படுத்ததோ, என்ன ஆனதோ தெரியாது. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுப் போய்விட்டான். அடக்கம் முடிந்து வெகு நாள் கழித்து, துணி விற்க வந்த யாரோ ஒருவர் வாயால்தான் அக்காவுக்கு அம்மா செத்த சேதி தெரிந்தது. "பால் வண்டிக்காரனாம், சொல்லி அனுப்பினானாம். கதை விடுறான்" என்று அன்றைக்கு முடிவு கட்டியவள், அதோடு தம்பி முகத்தில் விழிக்கவில்லை.

அதனால் ஒரு நாள் ஆபீஸ் பெண் கூப்பிட்டு, "அண்ணே, பள்ளத்தாக்கு உச்சியில ஒண்ணு இறங்கியிருக்கு" என்று சொன்னபோது அவர் உடனே மறுத்தார்.

"வேற யாரையாவது அனுப்பும்மா."

"வேற யாருக்கு அந்தப் பாதை தெரியும்? உங்க அக்கா ஊருன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதனாலதாம்மா சொல்றேன்."

"இறங்கி ரொம்ப நாளாச்சு அண்ணே. பெட்டி இன்னும் உயிரோட இருக்கு. ஆனா தரையில இல்ல, ஏதோ ஒசரத்துல நிக்குது. எப்படின்னு புரியலை. மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு. பெட்டி இல்லாம வர்றவங்க வரவே வேண்டாமாம்."

எப்படி என்று ஊருக்குள் நுழைந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அக்கா வீட்டுத் தகரக் கூரை மேல் நீளமான ஒரு கம்பம். கம்பத்து உச்சியில், கிரீடம் வைத்த மாதிரி, கம்பெனிப் பெட்டி. பச்சை விளக்கு மினுக் மினுக் என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று சாணி வாரிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். இறங்கின ஆளைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகலைக்கா."

"ஓகோ. செத்தாத்தான் வந்து சொல்ல மாட்டே. யாரும் சாகலைன்னா வருவே போல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அத்தான் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! வானத்துல மீன் பிடிக்கிற வேலையாமே. இங்க என்ன, வலை அறுந்து விழுந்திருச்சா?"

"அந்தப் பெட்டி கம்பெனிப் பெட்டி அத்தான். எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அக்கா அப்போதுதான் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். சாத்தினாள் என்ன, எறிந்தாள்.

"தொட்டுப் பாரு."

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கம்பத்தை நட்ட கொத்தனார் வந்தார். கடைக்காரர் கல்லாவை இழுத்துப் பூட்டிக்கொண்டு வந்தார். கொத்தனாரே விளக்கம் சொன்னார். பெட்டி விழுந்தபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். எரிகிற விளக்கை யாராவது குப்பையில் போடுவார்களா? தூக்கிக் கம்பத்தில் கட்டினாராம். கட்டின மறுநாளிலிருந்து சிக்னல் தங்குதடையில்லாமல் வருகிறதாம். அதற்கு முன்னால் வரும், போகும், ஒரு நிலை கிடையாதாம்.

"நான் கட்டினேன், நெட்டு நின்னுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் கொத்தனார்.

"இல்லீங்க கொத்தனாரே. இது கீழ விழுந்த பெட்டி. இது யாருக்கும் ஒண்ணும் தராது. வெயில்ல பேட்டரி ஏறுறதால விளக்கு எரியுது, அவ்வளவுதான். சிக்னல் தர்றது மேல பறக்கிற வேற பலூன். நீங்க கட்டின நேரம், மேல காத்து அடங்கி அது இங்கேயே நின்னிருக்கு."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீல வானம். ஒரு காக்கை கூட இல்லை.

"எங்க?" என்றார் கடைக்காரர்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க. அவ்வளவு ஒசரம்."

"கண்ணுக்குத் தெரியாத பலூனு" என்று அக்கா சிரித்தாள். "கண்ணுக்குத் தெரியாத பால் வண்டிக்காரன். இவன் கதையில வர்ற ஒருத்தனும் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பெத்தவ செத்ததைச் சொல்ல வழி தெரியலையாம், ஊர் உலகத்துக்கெல்லாம் இவன் பேச வழி பண்ணித் தர்றானாம்."

அக்காவின் கோபத்தில் ஒரு நியாயமும் இருந்தது. மகளைத் தொலைதூர நகரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அவள் நிறைமாதம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் போய் இருக்கலாம் என்றால் புருஷன் கால் மாவுக்கட்டில். கொட்டகையில் சினை மாடு. அந்தப் போனில் மகள் முகத்தைத் தினமும் பார்ப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அந்த முகம் இந்தப் பெட்டிக்குள்தான் குடியிருக்கிறது என்று அவள் நம்பினாள். பெற்றவள் மனசு அல்லவா?

அது அவருக்கும் புரிந்தது. அதனாலேயே, சண்டை இல்லாமல் முடியட்டும் என்று நினைத்து ஒரு யோசனை சொன்னார். பிற்பாடு எத்தனையோ தடவை, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்ட யோசனை அது.

ஜீப்பில் ஆபீஸ் கொடுத்த தடியான போன் ஒன்று உண்டு. எந்தக் காட்டிலும் பேசும், ஆனால் ஆபீசோடு மட்டும்தான். முதலில் அதில் ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டார்.

"மேல ஒண்ணு இருக்காம்மா?"

"அழகா நடு உச்சியில நிக்குது அண்ணே. சாயங்காலம் வரைக்கும் நகராது."

திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "பெட்டியை மூடுவோம். நல்லா இறுக்கி மூடுவோம். இதுதான் சிக்னல் தருதுன்னா நின்னுபோகும். நான் திரும்பிப் பார்க்காம போயிடுறேன். மேல இருக்கிறதுதான் தருதுன்னா மூடினாலும் வரும். அப்ப பெட்டியை எனக்குக் கொடுத்துடணும்."

நியாயமான பேச்சு. யாராலும் மறுக்க முடியவில்லை. கொத்தனார் ஏணி வைத்து ஏறினார். பெட்டிக்கு மேல் கோணிச்சாக்கு, அதற்கு மேல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தகரத் தொட்டி. கீழே அக்கா மகளைப் போனில் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டாள். மகள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"என்னம்மா இது, கூரை மேல யாரு? அது மாமாவா? மாமா வந்திருக்காரா?"

"அதெல்லாம் அப்புறம். நீ பேசிக்கிட்டே இரு" என்றாள் அக்கா.

சாக்கு விழுந்தது. தொட்டி கவிழ்ந்தது. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் இல்லை, மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். கடைக்காரர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் ஏணியில் நின்றபடி தாடையைச் சொறிந்தார். இவர் மனசுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அப்புறம்மா, முக்கியமான சேதி," என்றாள் மகள். "டாக்டர் இன்னைக்கு வந்து பார்த்தாரு. நாளைக்குக் காலையில..."

படம் நின்றது. மகளின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் அதுவும் போயிற்று.

"நாளைக்குக் காலையில என்ன?" என்று அக்கா போனைப் பார்த்துக் கேட்டாள். "ஏய், நாளைக்குக் காலையில என்னடி?"

கொத்தனார் அவசர அவசரமாகத் தொட்டியைத் தள்ளி, சாக்கைப் பிடுங்கி எறிந்தார். பச்சை விளக்கு சிமிட்டியது. சிக்னல் வரவில்லை. பெட்டியை உலுக்கினார். வரவில்லை.

ஜீப்பிலிருந்து தடியான போன் அலறியது. ஆபீஸ் பெண். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. மேல காத்து திடீர்னு திரும்பிடுச்சு, அது கைக்கு அடங்காம போகுது. அடுத்தது வர நாளைக்குக் காலை ஆயிடும்."

அதை அப்படியே வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தாலாவது தேவலை.

"காத்து திரும்பிடுச்சாம்!" கடைக்காரர் கையைத் தட்டினார். "சரியா இவரு சாக்கு போட்ட நேரம் பார்த்துத் திரும்பிடுச்சாம். அதுக்கும் இவர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கு."

"சத்தியமாங்க..."

"நீதானேய்யா சொன்னே, நின்னுபோனா பெட்டிதான்னு? நின்னுபோச்சு. இப்ப தொறந்தாலும் வரலை. எங்க பெட்டியைக் கெடுத்துட்டே" என்றார் கொத்தனார். சாக்கும் தொட்டியும் போட்டவர் அவர்தான் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தடியான போன் உள்ளேயே கிடக்க, பூட்டின ஜீப்பின் சாவி கடைக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து அத்தானின் தலையணைக்கு அடியில் போயிற்று. பெட்டி கீழே இறங்கி, கொட்டகையில் வைக்கோல் மேல் வந்து உட்கார்ந்தது. "சரி பண்ணு. பண்ணிட்டு வண்டியை எடு" என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். நான் டிரைவருங்க, எனக்கு ரிப்பேர் தெரியாது என்று இவர் சொன்னது அவர் முதுகுக்குத்தான் கேட்டது.

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கைக்கு வந்த பெட்டியில் முதல் வேலையாக மெயின் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். கம்பெனி சட்டம் அது. பிடுங்கினார். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பச்சை விளக்கு அணைந்தது. வைக்கோல் எடுக்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"அணைச்சிட்டியா?"

"அணைக்கணும்க்கா. அதான் சட்டம்."

"இதையும் சாகடிச்சிட்டே."

"அதுக்கு உயிரே இல்லக்கா. நாளைக்குக் காலையில சிக்னல் வரும், பாரு."

அக்கா வைக்கோலை வாரிக்கொண்டு போய்விட்டாள். இருட்டுவதற்கு முன் ஒரு தட்டில் சாப்பாடு வந்தது. தட்டைத் தரையில் வைத்த சத்தத்தில் மாடே திரும்பிப் பார்த்தது.

"சோத்துல விஷம் இல்ல, தின்னு. நான் உன்னை மாதிரி இல்ல."

"அக்கா, அன்னைக்கு நான் சொல்லித்தான் அனுப்பினேன். ஒத்தைக் காதுல கடுக்கன் போட்ட ஆளு. வண்டியைக் குறுக்கே நின்னு மறிச்சு, அம்மா போயிட்டாங்க, எங்க அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு..."

"நாளைக்குக் காலையில என் பொண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது," என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டாவது தடவை, உன்னால. ஒருத்தி போனதும் தெரியலை. இப்ப இன்னொருத்திக்கு..." வாயைப் பொத்திக்கொண்டாள். "கடுக்கன் போட்டவனைக் கூட்டிட்டு வா, அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். சாப்பிடாவிட்டால் அதுவும் ஒரு குற்றமாகிவிடும்.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கா கொட்டகையின் அந்தக் கோடியில் பால் கறந்துகொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பால் கையோடு எடுத்தாள். மருமகன். பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர்.

"அத்தை, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இந்தாங்க, பாருங்க." திரையில் ஒரு சிவந்த முகம் கண்ணை இடுக்கிக்கொண்டு அழுதது. அதன் பின்னால் மகள், களைத்துப்போய், சிரித்துக்கொண்டு.

அக்கா அழுதாள், சிரித்தாள், கடவுள் பெயரைச் சொன்னாள். போனைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து போனைக் கீழே இறக்கியபோதுதான் அவள் பார்வை வைக்கோல் பக்கம் போயிற்று.

பெட்டி அங்கேயே கிடந்தது. விளக்கு இல்லை. பக்கத்தில் சுருண்டு படுத்துத் தூங்குகிற தம்பி. அவன் சட்டைப்பையிலிருந்து ஒயரின் வால் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் போன் இன்னும் சூடாக இருந்தது.

ஒயரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தகரக் கூரையின் ஓட்டை வழியே தெரிந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், குறட்டை விடுகிற புருஷனின் தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பியின் காலை ஓர் உதை விட்டாள். சாவி அவர் மார்பில் வந்து விழுந்தது.

"எடுத்துக்கிட்டுக் கிளம்பு. ஊர் முழிக்கிறதுக்குள்ள போ."

அவர் கண்ணைக் கசக்கினார். "சிக்னல் வந்துருச்சாக்கா?"

"வந்தா உனக்கென்ன, வராட்டி உனக்கென்ன? போ."

"பாப்பாவுக்கு..."

"பொண்ணு பொறந்திருக்கு. போடான்னா."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வண்டியை எடுக்கும் முன் வழக்கமான பிரார்த்தனையைக் கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அக்கா வாசலுக்கு வரவில்லை.

அத்தான் கண் விழித்துச் சாவியைத் தேடியபோது அக்கா சொன்னாள்: "நான் கறந்துக்கிட்டு இருந்தேன். வந்து திருடிட்டுப் போயிட்டான் போல." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஊரில் எல்லார் போனிலும் அன்று காலையில் சிக்னல் இருந்தது. எல்லாருக்கும் கதை தானாகப் புரிந்துவிட்டது. ரிப்பேர் தெரியாது என்று நடித்தான், ராவோடு ராவாகச் சரி பண்ணினான், தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மத்தியானம் சிக்னல் போயிற்று. மறுநாள் வரவில்லை. அதற்கு அப்புறமும் வரவில்லை. போதாதா?

வராத காரணம் அவருக்குக் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கம்பெனி வாசலில் மேஜை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் பெண் தன் டீக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மூடிட்டாங்க அண்ணே. எங்களுக்கே இன்னைக்குத்தான் சொன்னாங்க. கட்டுப்படி ஆகலையாம்."

"மேல இருக்கிறதெல்லாம்?"

"கடல் பக்கம் ஓட்டி இறக்கிக்கிட்டு இருக்காங்க."

"அப்ப அந்த ஊருக்கு?"

அவள் கோப்பையைச் சுற்றுவதையே பார்த்தாள். அவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதை அந்த மூலையில போடுய்யா" என்றார். மூலையில் அதே மாதிரிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன.

வேலை போனவர் வேறு வேலை தேடினார். ஆண்டவனின் விளையாட்டைப் பாருங்கள், கிடைத்தது பால் வண்டி. பள்ளத்தாக்கு உச்சிவரை போய்ப் பால் எடுத்துக்கொண்டு வருகிற அதே வண்டி.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஊர் அவரை வறுத்தெடுத்தது. பெயரே 'பெட்டித் திருடன்' ஆகிவிட்டது. "பெட்டித் திருடன் வந்துட்டான், கேனை எண்ணி வைங்க" என்பார்கள். கடையில் டீ கேட்டால், ஆவி பறக்கிற பாத்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டே "தீர்ந்துபோச்சு" என்பார் கடைக்காரர். ஒரு நாள் டயரில் காற்று இல்லை. கொத்தனார் பக்கத்தில் நின்று, "காத்து திரும்பிடுச்சு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சிக்னல் போன பிறகு ஊர் பழையபடி ஆகிவிட்டது. கீழே இருக்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பால் வண்டி டிரைவரிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் கீழே போய்ப் போன் பண்ணிச் சொல்வார். மற்ற ஊர்களில் எல்லாரும் இவரிடம் சொல்லி அனுப்பினார்கள். இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. அவசரம் என்றால் மலையிறங்கி நடந்து போனார்கள்.

அக்காவும் பால் கொண்டுவருவாள். கேனை வைப்பாள், காலிக் கேனை எடுப்பாள், போவாள். மற்றவர்கள் ஏசும்போது அவள் ஏசவில்லை. தடுக்கவும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் தெரியாது, சரி. இவளுக்குத் தெரியுமே? அன்றைக்குச் சாவியை எறிந்தவள் ஆயிற்றே? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவார்.

பனி உருகும் காலத்தில் ஊருக்குள் கக்குவான் இருமல் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் மூச்சு வாங்கி இருமின. ஒரு கைக்குழந்தை போய்ச் சேர்ந்தது. அந்த வாரம்தான் அக்காவின் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாகப் பிறந்த வீட்டுக்கு வருவதாக இருந்தாள். மறுநாள் காலைப் பஸ். அத்தானால் இன்னும் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அக்கா இறங்கி நடந்தாலும், பஸ் புறப்படுவதற்குள் போன் பேசுகிற இடத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அன்று காலை கடை வாசலில் வண்டி நின்றபோது அக்கா பால் கேனோடு வந்தாள். கேனை வைத்தாள். போகவில்லை.

"ஒரு சேதி சொல்லணும்" என்றாள், வண்டியின் சக்கரத்தைப் பார்த்து.

கொத்தனார் குறுக்கே வந்தார். "இவன்கிட்டயா? என்னம்மா நீ! பெட்டியைத் திருடின பய. இவன்கிட்ட சொல்றதும் ஒண்ணு, ஆத்துல போடுறதும் ஒண்ணு. உங்க அம்மா விஷயம் மறந்துபோச்சா?"

"அவன் திருடலை."

"என்னது?"

"சாவியை எடுத்துக் கொடுத்தது நான்." அக்கா இப்போது நிமிர்ந்து, கடை வாசலில் இருந்த எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்குக் காலையில எல்லார் போன்லயும் சிக்னல் வந்துச்சே, அப்ப அந்தப் பெட்டி என் கொட்டகையில செத்துக் கெடந்துச்சு. ஒயர் இவன் சட்டைப்பையில. என் கண்ணால பார்த்தேன். இவன் சொன்ன மாதிரியே மேலேருந்துதான் வந்திருக்கு."

கடைக்காரர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தான் கைத்தடியைத் தட்டி, "அப்ப என்கிட்ட திருடிட்டான்னு சொன்னது?" என்றார்.

"பொய்."

"இத்தனை நாள் ஏன்மா சொல்லலை?" என்றார் கொத்தனார். குரல் பாதியாகிவிட்டது.

"சொல்லப் பிடிக்கலை. இவன் ஒண்ணு நிஜம் சொன்னான்னு ஒத்துக்கிட்டா, இன்னொண்ணையும் ஒத்துக்கணும்."

எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை இருமியது, நிறுத்தாமல்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கனிவு கினிவு ஒன்றும் இல்லை. "கீழ போனதும் பாப்பாவுக்குப் போன் போடு. ஊர்ல இருமல், புள்ளையத் தூக்கிட்டு வராதேன்னு சொல்லு. நாளைக்குப் பஸ் ஏறக்கூடாது. பால் இறக்குறதுக்கு முன்னாடி சொல்லு."

"சொல்லிடறேன்க்கா."

"நீயே சொல்லணும். வேற எவன்கிட்டயாவது சொல்லிவிட்டே..."

காலிக் கேனின் மூடியைத் திருகினாள். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு," என்றாள். "எந்தக் காதுல கடுக்கன்?"

அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இடது காதுக்கா."

"ம்."

காலிக் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இதுக்காக உன்கூடப் பேச ஆரம்பிச்சுட்டேன்னு நினைக்காதே. எதுக்கு நின்னுக்கிட்டு இருக்கே? பால் திரிஞ்சுபோகும், வண்டியை எடு."

அவர் வண்டியை எடுத்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பிரார்த்தனை சொல்ல மறந்துபோனார். வளைவில் போன் சிக்னல் பிடித்த இடத்திலேயே, பால் பண்ணைக்குப் போகும் வரைகூடப் பொறுக்காமல், வண்டியை ஓரம் கட்டி அக்கா மகளைக் கூப்பிட்டார். சேதியைச் சொன்னார். பஸ் ஏற மாட்டேன் என்று அவள் வாயால் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"அது சரி மாமா," என்றாள் அவள். "இதை யாரு உங்ககிட்ட சொல்லி அனுப்பினது?"

"உங்க அம்மாதான்."

"எங்க அம்மாவா? உங்ககிட்டயா?"

"ஆமாம்மா" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துபோயிற்று. சிக்னல் சரியில்லை போல என்று அந்தப் பக்கம் அவள் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள்.